மாப்பிள்ளைக்குச் சொல்ல மறந்தது

என் அண்ணியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் ஞாபகம் வருவது சண்டைதான். நாத்தனார் என்ற பதவிக்கு உண்டான கடமையை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஆனால் எங்கள் சண்டை மற்ற வீடுகளைப் போலச் சமையலறையில் ஆரம்பிக்கவில்லை. கம்ப்ரஸரில் ஆரம்பித்தது.

வீடு அப்பா கட்டியது. கீழ்த்தளம் அண்ணனுக்கு, மாடி எனக்கு. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடிப்பது என் வேலை. காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். இடது முழங்கால் என்று அவர் சொன்னதை வலது என்று அடித்துவிட்டால் யாரோ ஒருவருக்கு நல்ல காலைக் கிழித்துவிடுவார்கள். அதனால் எங்களுக்குக் கொடுத்த பயிற்சியே வேறு. வார்த்தை மட்டுமல்ல, இருமல், நாற்காலி இழுபடுவது, கதவு சாத்துவது எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். எதையும் நாமாக விட்டுவிடக் கூடாது. இப்படிப்பட்டவளின் காலுக்குக் கீழே, கார் நிறுத்துகிற ஷெட்டில், கால் மணிக்கு ஒரு தடவை உறுமிக் காற்றடைக்கிற கம்ப்ரஸரைக் கொண்டுவந்து வைத்தால் பொறுமை எங்கிருந்து வரும்?

அண்ணி பன்னிரண்டு வருஷம் ஒரு பேரிங் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். தட்டு நிறைய எஃகு உருண்டைகள் வரும். விளக்குக்கு அடியில் வைத்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தட்டு. அவருடைய மேசைக்கு எதிரே புதிதாக ஒரு ரோபோ கையை நிறுத்தினார்கள். பொருளை எடுத்துப் பெட்டியில் அடுக்க வேண்டியது அதன் வேலை. அது எடுத்ததில் பாதி கீழே விழுந்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள் வந்து கையைக் கழற்றி மாட்டினார்கள். அண்ணி சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"கை நல்ல கை. விரல்தான் கட்டை" என்று ஒருநாள் எங்களிடம் சொன்னார். இரும்பு விரலால் இறுக்கிப் பிடித்தால் பொருள் நழுவும், இன்னும் இறுக்கினால் உடையும். மனுஷ விரல் போல மெத்தென்று இருந்தால் போதும் என்பது அவருடைய கட்சி. கம்பெனியில் அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் சும்மா இருக்கிற ரகமா அவர்? பால்புட்டியின் ரப்பர் முனை அவருக்கு எப்படித் தோன்றியது என்று தெரியாது. எங்கும் ஒரே தடிமன், காற்றை ஊதினால் சீராக உப்பும், சின்னப் பொருளை மூன்று பக்கத்திலிருந்தும் வலிக்காமல் பிடிக்கும். டஜன் டஜனாக வாங்க ஆரம்பித்தார். மருந்துக் கடைக்காரர் மூன்றாம் தடவையே வாழ்த்துச் சொல்லிவிட்டார். தெருமுனையில் என்னை நிறுத்தி, "திரும்ப அத்தை ஆகப்போறீங்களாமே, ரெட்டையாமே?" என்று கேட்டார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கிற அண்ணன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வீசி எறிந்து அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு அண்ணி சம்பளமில்லாமல் ஒரு வருஷம் விடுப்பு எடுத்தார். அவருடைய சூப்பர்வைசர் நல்ல மனிதர். மேலே பேசி வாங்கிக் கொடுத்தார். "ஒரு வருஷம்மா. அது முடிஞ்ச திங்கட்கிழமை காலையில வந்து கையெழுத்துப் போடலைன்னா பேரை எடுத்துடுவாங்க" என்று சொல்லி அனுப்பினார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நானும் பேசினேன். பிறர் பேசியதை மட்டும் எழுதி என்னை நல்லவளாக்கிக்கொள்ள மாட்டேன்.

அண்ணன் இரண்டு தெரு தள்ளித் தன் பட்டறையில் வைத்திருந்த லேத் மிஷினை ஷெட்டுக்கு மாற்றினார். விலைக்கு வாங்கிய ரோபோ கை ஒரு கார் கம்பெனி கழித்துப்போட்டது, ஆரஞ்சு பெயிண்ட் உரிந்தது. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது நான்தான். தரை ஒரு நூல் சாய்ந்திருந்தால் ஆகாது, காற்றில் ஈரம் ஆகாது, கரண்ட் ஏறி இறங்கினால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். அத்தனை பேரும் கைகட்டி நின்று உபசரிக்க வேண்டும். மாப்பிள்ளை முறுக்கு என்பதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். அதற்குப் புத்தி சொல்ல ஒரு புரோகிராமர் வந்து சேர்ந்தான். முப்பது வயது, எந்நேரமும் காதில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு அலைவான். ஸ்க்ரூ என்றே கூப்பிட்டோம்.

எட்டாவது மாதம் ஒரு தண்ணீர்க் குழாய் தயாரிக்கிற தொழிற்சாலை ஆர்டர் கொடுத்தது. குழாயைத் திறந்து மூடும்போது உள்ளே சுழல்கிற பீங்கான் வட்டு ஒன்று உண்டு. சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரியது, கண்ணாடி போல வழவழப்பு. விளிம்பில் ஒரு துளி உடைந்தாலும் குழாய் ஒழுகும். நூறு குழி உள்ள தட்டிலிருந்து அந்த வட்டை எடுத்து பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைக்க வேண்டும். இதுதான் மாப்பிள்ளையின் வேலை. நிபந்தனையும் எளிது. ஒரு ஷிப்டில் மூவாயிரம் வட்டு, மூன்றுக்கு மேல் விழக்கூடாது. மூன்று தடவை ஓட்டிக் காட்டலாம். மூன்றாவதும் தோற்றால் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு வாசலில் திருப்பி அனுப்பினால் மற்ற வாசல் திறக்காது.

ஷெட்டில் மாப்பிள்ளை ஐயாயிரம் வட்டு எடுத்தார். ஒன்றுகூட விழவில்லை. மினி லாரியில் ஏற்றி மாமனார் வீட்டுக்கு அனுப்பி வைத்தோம்.

முதல் ஓட்டத்தில் எழுபத்தொன்று விழுந்தது.

அண்ணி வீட்டுக்கு வந்து காலில் செருப்போடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ஓட்டத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் மாற்றினார்கள். விளக்கு வெளிச்சம் என்றார்கள், காற்றழுத்தம் என்றார்கள், பக்கத்து மிஷின் அதிர்வு என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் மாடிப்படியில் நின்று சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி மேலே ஏறிவிட்டேன். இரண்டாவது ஓட்டத்தில் அறுபத்து நான்கு விழுந்தது.

விசித்திரம் என்னவென்றால், ஓட்டத்துக்கு முன்னால் இவர்களே நின்று நாலு தட்டு ஓட்டிப் பார்க்கும்போது அங்கேயும் நன்றாகவே ஓடியது. நேரம் ஆனதும் இவர்கள் மிஷினைச் சுற்றிப் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே வந்துவிட வேண்டும், தொழிற்சாலையின் ஆபரேட்டர்தான் மிஷினைத் தொடலாம். அது அங்கே விதி. அந்த ஆபரேட்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. பத்தொன்பது வருஷமாக அதே வட்டைக் கையால் வைத்தவர். அவர் தொட்டதும் விழ ஆரம்பித்தது.

திருப்பிக் கொண்டுவந்த மாப்பிள்ளை மறுபடி ஷெட்டில் ஒன்றுகூடத் தவறவிடாமல் எடுத்தார். மாமனார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து அம்மா வீட்டில் சிரித்துப் பேசுகிற மாதிரி. திங்கட்கிழமை காலை அண்ணன் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"அந்தம்மா ஏதோ பண்றாங்க. மிஷின் வந்தா நம்ம வேலை போயிடும்னு பயம். வேணும்னே கெடுக்கிறாங்க."

அண்ணி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை ஒத்துக்கொண்டார். பயம் வந்தால் புத்தி அப்படித்தான் போகும். வெள்ளிக்கிழமை மூன்றாவது ஓட்டம். அதற்கடுத்த திங்கட்கிழமை அவருடைய ஒரு வருஷம் முடிகிறது. மிஷின் தேறினால் ஷெட்டிலேயே சொந்தத் தொழில், இல்லையென்றால் மறுபடி விளக்குக்கு அடியில் உருண்டை பார்க்கப் போக வேண்டும். சாயங்காலம் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தொழிற்சாலை மேலாளருக்குக் கடிதம். ஆபரேட்டர் மேல் சந்தேகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வேறு ஆளைப் போட வேண்டும்.

"இதை அடிச்சிடு. கூடவே அந்தக் கையேடும் வேணும். ஆபரேட்டருக்குப் புரியற மாதிரி எழுதிக் கேட்டிருக்காங்க. ஷெட்ல எடுத்த வீடியோ முப்பத்தெட்டு இருக்கு. அதைப் பாத்து நான் என்னென்ன செய்றேனோ அப்படியே எழுது."

"அப்படியேன்னா அப்படியேவா அண்ணி?"

"உனக்கு வேற எப்படி எழுதத் தெரியும்?"

கடிதத்தை அடித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு உறையில் வைத்துவிட்டுப் போனார். புதன்கிழமை மதியம் அண்ணன் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. எனக்கு அது பிடிக்கவில்லை. பார்க்காத ஒருவர் மேல் பழி போடுவதற்கு என் விரல் பயன்பட்டதே என்று இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே எரிகிற வீடு.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கையேட்டை அச்செடுத்துக் கீழே அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் மாடிப்படி அதிர்ந்தது. அண்ணி தாளை ஆட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இது கையேடா, கச்சேரியா?"

"என்ன அண்ணி?"

"படிக்கிறேன் கேளு. 'நான்கு: தட்டை மேசையில் வைக்கவும். டப், டப். பச்சைப் பொத்தானை அழுத்தவும்.' என்ன இது டப் டப்? எனக்கு இருக்கிற தலைவலியில நீ வேற கிண்டல் பண்றியா?"

எனக்கும் கோபம் வந்தது. என் தொழிலில் கை வைத்தால் அப்பா எழுந்து வந்தாலும் விடமாட்டேன். "நீங்க தட்டினதைத்தான் எழுதினேன். தட்டாததை எழுத எனக்கு என்ன வேண்டுதலா?"

"நான் எங்கடி தட்டினேன்?"

"தட்டினீங்க. முப்பத்தெட்டு வீடியோவுலயும் தட்டினீங்க. அண்ணன் ஓட்டினதுல அண்ணன் தட்டியிருக்கார். ஸ்க்ரூவும் தட்டியிருக்கான். அவன் மட்டும் கொஞ்சம் மெதுவா."

"நான் தட்டவே மாட்டேன்!"

வீடியோவில் கை தெரியாது. காமிரா ரப்பர் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும். சத்தம் மட்டும்தான் சாட்சி. ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டிப் பெடலை மிதித்தேன். தட்டு உட்காருகிற சத்தம். உடனே உள்ளங்கையால் மேசையில் இரண்டு தட்டு. பிறகு பொத்தான். அடுத்த வீடியோ. அதற்கடுத்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்தபோது ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

"பேக்டரியில எடுத்ததைப் போடு" என்றார். குரல் மாறியிருந்தது.

இரண்டாவது ஓட்டத்தில் கோட்டுக்கு வெளியே நின்று எடுத்தது. தட்டு உட்கார்ந்தது. பொத்தான் அழுந்தியது. நடுவில் ஒன்றுமில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். ஒன்றுமில்லை. ஹெட்போனைக் கழற்றாமலே எழுந்து ஓடப் பார்த்தார். ஒயர் இழுத்து என் கம்ப்யூட்டர் சரிந்தது. அதைப் பிடித்து நான் நிமிர்வதற்குள் வெறுங்காலோடு கீழே போய்விட்டார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் கையே தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பன்னிரண்டு வருஷம், ஒரு நாளைக்கு இருநூறு தட்டு. உருண்டை குழியில் சரியாக உட்காருவதற்கு மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அந்தப் பிரிவில் எல்லோரும் பார்க்க ஆரம்பிப்பார்களாம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, யாரும் எழுதி வைத்ததில்லை. ஷெட்டுக்கு வந்ததும் அந்தக் கை தானாகத் தட்டியது. பார்த்துப் பார்த்து அண்ணனும் ஸ்க்ரூவும் தட்டினார்கள். தட்டினால் பீங்கான் வட்டு குழியில் மட்டமாகப் படுக்கிறது. தட்டாவிட்டால் நூறில் இரண்டு மூன்று சாய்ந்து நிற்கிறது. சாய்ந்ததை மெத்தென்ற விரல் பிடிக்கும், பாதி வழியில் நழுவவிடும்.

இதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே. ஷெட்டில் இருந்த மூன்று பேரின் கையையும் நம்ப முடியாது. ஸ்க்ரூ, "தட்ட மாட்டேன் அக்கா, சத்தியமா" என்று சொல்லிக்கொண்டே தட்டினான். கடைசியில் மாப்பிள்ளையை இதுவரை தொடாத ஒரே ஆள் நான்தான் என்று என்னைக் கீழே இழுத்து வந்தார்கள். மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். நான் தட்டை வைத்தேன், பொத்தானை அழுத்தினேன்.

பதினேழாவது வட்டு டிங் என்று சிமெண்டுத் தரையில் விழுந்து தெறித்தது. அண்ணன் விசிலடித்தார். அறுபதாவதோ அறுபத்தொன்றாவதோ இன்னொன்று. ஸ்க்ரூ குதித்தான். நான் கை வைத்து ஒரு பொருள் உடைந்ததற்கு அந்த வீட்டில் கைதட்டல் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த தட்டில் மூன்று. அப்புறம் தட்டிவிட்டு ஓட்டினோம். பத்துத் தட்டு, ஆயிரம் வட்டு. எதுவும் விழவில்லை.

அண்ணி மேலே போனார். என் மேசையிலிருந்த உறையை எடுத்து நான்காகக் கிழித்தார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. "பத்தொன்பது வருஷம் வேலை பாத்தவங்கடி. அவங்க மேல போட இருந்தேன்" என்றார். அண்ணன் லேத்தைத் துடைக்கிற துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த லேத்தைத் துடைத்தார்.

கையேட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்றார் அண்ணன். அண்ணி கேட்கவில்லை.

"எனக்கே தெரியாம நான் செஞ்சதை இன்னொருத்தரை ஞாபகம் வச்சுச் செய்யச் சொல்றதா? ஒருநாள் மறந்துடுவாங்க. மறந்தா பழி யார் மேல வரும்? மறுபடி அந்தம்மா மேலதான். மாப்பிள்ளையே தட்டட்டும்."

ஸ்க்ரூ உட்கார்ந்தான். தட்டு வந்ததும் ரோபோ கை தன் முட்டியைத் தாழ்த்தி மேசையில் இரண்டு தடவை தட்டிவிட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும். முதல் முயற்சியில் மாப்பிள்ளை தட்டிய தட்டில் நூறு வட்டும் எழுந்து நின்று மரியாதை செய்தன. பாதி அண்ணன் தலையில் விழுந்தன. "மாமனார் வீட்டுக் கதவை இப்படித் தட்டினா பொண்ணு தர மாட்டாங்க" என்றேன். சாயங்காலத்துக்குள் தட்டுகிற பதம் வந்துவிட்டது. வியாழக்கிழமை மதியம் மினி லாரி வந்தது.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். கையேட்டை விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது சாக்கு. உண்மையில் வீட்டில் இருந்தால் ஒரு முழங்காலும் உருப்படியாக டைப் ஆகாது என்று தெரியும்.

ஓட்டம் ஆரம்பிக்கும் முன் மேலாளர் மாப்பிள்ளை தட்டுவதைப் பார்த்துவிட்டார். "இது என்ன புதுசா? போன தடவை இல்லையே?" என்று கேட்டார். இது ஒரு முன்னேற்றம், கூடுதல் வசதி என்று சொல்லலாம் என்று வண்டியிலேயே அண்ணன் சொல்லிக் கொடுத்திருந்தார். அண்ணி மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

"எங்க கைப்பழக்கம் சார். மிஷினுக்குச் சொல்ல மறந்துட்டோம். எங்களுக்கே தெரியல."

மேலாளர் பேனாவை மூடித் திறந்தார், மூடித் திறந்தார். இது வேறு மிஷின், முதலிலிருந்து விண்ணப்பம் போடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் கதை அங்கேயே முடிந்தது. கடைசியில் தாளில் ஒரு வரி எழுதிக்கொண்டு, "ஓட்டுங்க, பாப்போம்" என்றார்.

ஆபரேட்டர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணி அவரிடம் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். விழுந்ததுக்குக் காரணம் நீங்கதான்னு நெனச்சேன். உங்களை மாத்தச் சொல்லிக் கடிதம்கூட எழுதிட்டேன். கொடுக்கல. கிழிச்சிட்டேன்."

அந்த அம்மா கையுறையைப் பாதியில் நிறுத்தினார். "கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க தட்டினதை நான் பாத்தேன்" என்றார் அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே. "ஏதோ சாமிக்கு வேண்டிக்கிட்டுத் தட்டுறீங்கன்னு நெனச்சேன். நான் தட்டக்கூடாதாம். தட்டை வச்சப்புறம் எதையும் கையால தொடாதேன்னு மிஷினோட நீங்க கொடுத்த தாள்லயே எழுதியிருந்துச்சு." பிறகு தன் வலது கையைத் திருப்பிக் காட்டினார். விரல் நுனிகள் வட்டைப் போலவே வழவழவென்று இருந்தன. ரேகை இல்லை. "கேட்ல வருகைப் பதிவு மிஷின் என் விரலை எடுக்காது. தினமும் வாட்ச்மேன் கூட மல்லுக்கட்டி நோட்டுல கையெழுத்துப் போட்டு உள்ள வரேன். இந்த வேலையை மிஷின் எடுத்துக்கிட்டா எனக்கு என்ன வருத்தம்? என்னைத்தான் அதுக்கு ஆபரேட்டர்னு போட்டிருக்காங்க. நகருங்க, நேரமாச்சு."

மஞ்சள் கோட்டுக்கு வெளியே நாலு பேரும் வரிசையாக நின்றோம். அந்த எட்டு மணி நேரத்தைப் பற்றி என்னத்தை எழுத? மாப்பிள்ளை தட்டுவார், குனிவார், எடுப்பார், வைப்பார். பதினாறு நிமிஷத்துக்கு ஒரு புதுத் தட்டு. எழுநூறாவதில் ஒன்று விழுந்தது. அண்ணி என் முழங்கையைப் பிடித்த பிடியில் மூன்று நாள் தடம் இருந்தது. அதற்குப் பிறகு மதியம் வந்தது, போனது. யாரும் சாப்பிடவில்லை. ஸ்க்ரூ எண்ணிக்கொண்டே இருந்தான். இரண்டாயிரத்தைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்து என்று அண்ணன் அவனை அதட்டினார்.

மூவாயிரமாவது வட்டு கூட்டுக்குள் போய் உட்கார்ந்தபோது விழுந்தது மொத்தம் ஒன்றுதான். மேலாளர் கையெழுத்துப் போட்டார். தாளில் அதற்கடுத்த கட்டத்தில் ஆபரேட்டர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அம்மா கையேட்டை ஒரு பக்கம் விடாமல் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது புரியுது" என்று சொல்லிப் போட்டார். என் பன்னிரண்டு பக்கத்துக்கு அதைவிடப் பெரிய விமர்சனம் தேவையில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அண்ணன் ஆபரேட்டரையே கும்பிட்டார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. இது யாருடைய மூட்டை, நான் ஏன் இத்தனை நாள் சுமந்தேன் என்று அப்போதுதான் யோசித்தேன்.

வெளியே முற்றத்துக்கு வந்ததும் அண்ணி போனை எடுத்தார். பழைய கம்பெனி சூப்பர்வைசருக்கு முதலில் சொல்லிவிட வேண்டும், அவர் தனக்காக இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார், காக்க வைக்கக் கூடாது என்றார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், மிஷினை எடுத்துக்கிட்டாங்க சார். நான் திங்கட்கிழமை வேலைக்கு வரல. பேரை எடுத்துடுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பெடலிலிருந்து காலை எடுத்த மாதிரி.

"சார்?"

"என் வயித்துல பாலை வார்த்தியேம்மா" என்றார் சூப்பர்வைசர். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு மாசமா முழிச்சிக்கிட்டிருந்தேன். இங்க உன் பிரிவே இப்ப இல்ல. நாலு மேசையையும் எடுத்துட்டு ஒரு கேமரா மிஷினை நிறுத்திட்டாங்க. மத்த மூணு பேரைப் பேக்கிங்குக்கு மாத்தினாங்க. உன்னை எங்க போடறதுன்னு யாருக்கும் தெரியல. விடுப்புல இருக்கிறவதானே, வரும்போது பாத்துக்கலாம்னாங்க. நீ திங்கட்கிழமை வந்து நின்னிருந்தா நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?"

அண்ணி முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த ஒரு வருஷமும், தோற்றுப்போனால் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அந்த வீட்டில் எல்லோரும் தூங்கினோம். கடைசி இரண்டு மாதம் அந்த இடமே இல்லாமல் தூங்கியிருக்கிறோம். தெரிந்திருந்தால் அண்ணி காலையில் மேலாளரிடம் உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதே நல்லது என்று மட்டும் தோன்றியது.

"அம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் சார்." அண்ணி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கேமரா எப்படிப் பாக்குது?"

"சுமார்தான். நல்ல உருண்டையையும் கழிச்சுப் போடுது. தினமும் ஒரு பெட்டி திரும்பி வருது. பெரியவங்க தலையைப் பிச்சுக்கிறாங்க."

அண்ணி அண்ணனைப் பார்த்தார். ஸ்க்ரூவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"அப்ப திங்கட்கிழமை வரேன் சார்."

"எதுக்கும்மா? இப்பதானே சொன்னேன், இடமே இல்லைன்னு."

"வேலைக்கு இல்ல சார். அந்த மிஷினைப் பாக்க. நாலு பேர் வரோம், பார்வையாளர் பாஸ் போட்டு வைங்க."

சூப்பர்வைசர் சிரித்த சிரிப்பு முற்றம் முழுக்கக் கேட்டது. நாலாவது ஆள் யார் என்று ஸ்க்ரூ விரலை விட்டு எண்ணிப் பார்த்தான். நான்தான். டாக்டர்களுக்கு அன்றைக்கு லீவு சொல்ல வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். நீயும் வருகிறாயா என்று அண்ணி என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதற்காக வழி நெடுக அவரோடு சண்டை போட்டேன்.